கப்பலில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணம்

ஒக்கலிபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சாளரத்தைத் திறந்தால் இருப்புப்பாதை தெரியும். சென்ற வாரம் அச்சாளரத்தின் அருகே அமர்ந்து, உடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் தம் பயணத்தை எண்ணி எண்ணி அலுத்துக்கொண்டிருந்தார். ஆவணக் காப்பகம் ஒன்றில் மூன்று மாதம் பணியாற்ற ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் செல்கிறார். பெங்களூரிலிருந்து வளைகுடா நகரம் ஒன்று, அங்கு ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு பிராங்பர்ட், அதன்பின் இரண்டு தொடர்வண்டிகள். ஏறத்தாழ ஒரு முழு நாள். "போய்ச் சேர்வதற்குள் செய்ய வந்த வேலையே மறந்துவிடும்" என்றார்.

அவர் காணப்போகும் ஆவணங்களுள் பல, அதே இரு ஊர்க்கூட்டங்களுக்கு இடையில் ஏழு மாதம் கடலில் அலைந்து சேர்ந்தவை என்பதை நினைவூட்டினேன். பேச்சு நீண்டது, அதை எழுதித் தரும்படி கேட்டார். இப்பதிவு அதன் விளைவு. சற்றே நீளம்; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் பெயர் தமிழ் அச்சு வரலாறு படித்த எவருக்கும் தெரிந்ததே. சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். ஹாலேயில் பிராங்கேயின் மாணவராக இருந்தபோதே உடல்நலம் குன்றிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். தென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் தம் கடல்கடந்த குடியேற்றங்களுக்குச் சமயப் பணியாளர் வேண்டுமென்று தேடியபோது, சொந்த நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேட நேர்ந்தது. அகப்பட்டவர்கள் இருவர்: சீகன்பால்கும், அவரினும் சில ஆண்டுகள் மூத்தவரான ஹென்றி புளூட்சோவும். எங்கே அனுப்புவது என்பதிலேயே தொடக்கத்தில் தெளிவில்லை. மேற்கிந்தியத் தீவுகளும் ஆப்பிரிக்காவின் கினியாக் கரையும் பேசப்பட்டு, இறுதியில்தான் தரங்கம்பாடி முடிவாயிற்று. வயிற்றுநோயுடன் போராடிய 23 வயது இளைஞரை இத்தகைய பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது இன்றைய எந்த நேர்காணல் குழுவும் செய்யத் துணியாத செயல்.

1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் ஏறினர். 1706 ஏப்ரல் 23 அன்று நன்னம்பிக்கை முனை. ஜூலை 9 அன்று தரங்கம்பாடி. கூட்டிப் பார்த்தால் 222 நாள்கள்.

இந்தப் பாதையின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். சூயஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. வட கடலின் குளிர்காலப் புயல்களைத் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கும் கப்பல், நேரே தெற்கு நோக்கிச் செல்ல இயலாது. காற்று செல்லும் வழியே தென் அமெரிக்கப் பக்கமாக வளைந்து, நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்றில்லாப் பகுதியில் நாள் கணக்காகக் கிடந்து, தெற்கே மேலைக்காற்றைப் பிடித்து, நன்னம்பிக்கை முனையில் நீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, பிறகு தென்மேற்குப் பருவக்காற்றின் துணையுடன் சோழமண்டலக் கரையை அடைய வேண்டும். ஒவ்வொரு கட்டமும் காற்றின் நாட்காட்டிக்கு உட்பட்டது. ஒரு கட்டத்தில் ஒரு மாதம் பிந்தினால் அடுத்த கட்டத்தின் காற்று தவறிவிடும். உப்பிட்ட இறைச்சி, காய்ந்த ரொட்டி, நாள்பட்ட நீர். பல் ஈறு வீங்கும் நோய். இவற்றுக்கு மேல், கப்பல் தலைவர் இவ்விருவரிடமும் பகைமை காட்டினார். வணிகக் கும்பினியார் சமயப் பணியாளரை விரும்பவில்லை. அரசரின் ஆணையை மறுக்க முடியாமல் ஏற்றிக்கொண்டனர், அவ்வளவே.

தரங்கம்பாடி தென்மார்க்கினரின் கைக்கு வந்தது 1620இல், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியாக. டான்ஸ்போர்க் கோட்டையின் முன் அலைகள் மோதும் அக்கரையில் துறைமுகம் கிடையாது. பெருங்கப்பல் தொலைவிலேயே நங்கூரமிடும். கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகள்தாம் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். இவ்விருவரையும் கரைக்குக் கொண்டுசெல்லவே தாமதம் செய்யப்பட்டது. கரையேறிய பின்பு, கோட்டைத் தலைவரான ஹாசியுசின் முன் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டனர். அரசரின் ஆணை கையில் இருந்தும் தங்க இடமில்லை. 222 நாள் கடல் தாங்கி வந்தவர்களுக்குக் கடைசிச் சில நூறு அடிகளே கடினமாக இருந்தன.

என்னை இந்த வரலாற்றில் இருத்திய செய்தி பயணத்தின் துன்பம் அன்று; அத்துன்பம் அக்காலத்தில் கடலேறிய எல்லோருக்கும் பொதுவானது, கப்பலின் அடித்தளத்தில் கிடந்த மாலுமிகளுக்கு இன்னும் கொடியது. என்னை இருத்தியது வேறொன்று: அந்த 222 நாள்களில் சீகன்பால்குக்குத் தமிழ் இல்லை. போகும் நாட்டின் மொழியை அவர் தொடங்கியது கரையிறங்கிய பின்னரே. ஏழு மாதம், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓய்வு, கற்பதில் தணியாத ஆர்வமுள்ள மனம்; கற்பதற்கு ஒரு சொல் கிடையாது.

இத்தனைக்கும் ஐரோப்பியர் தமிழைக் கற்று எழுதியது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிலேயே அன்றிக்கே அடிகளார் போர்த்துக்கீசியத்தில் தமிழிலக்கணம் ஒன்றை எழுதியிருந்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. ஆனால் அவை கத்தோலிக்க இயேசு சபையாரின் உலகைச் சேர்ந்தவை. அந்த அறிவு வடக்கு ஜெர்மனியின் லூத்தரன் மாணவரின் கைக்கு எட்டவில்லை. ஒரே கடலில் செல்லும் இரு கப்பல்கள் ஒன்றையொன்று காணாமல் கடப்பதுபோல் இரு அறிவு மரபுகள் கடந்துசென்றன. ஆய்வுலகில் இது இன்றும் நடப்பதே.

கரையில் அவர் செய்தது அறிந்த கதை. தரங்கம்பாடியில் ஐரோப்பியரும் உள்ளூராரும் பேசிக்கொள்ளப் பயன்பட்டது கலப்புப் போர்த்துக்கீசியம். புளூட்சோ அதை ஏற்றுக்கொள்ள, சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கே மாணவர்களுடன் வரச்செய்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. இவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பொருளுக்காக அழகப்பன் என்பவரை அமர்த்திக்கொண்டார். ஐரோப்பிய ஆவணங்களில் 'அலெப்பா' என்று வழங்கும் இவர் கும்பினியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துக்கீசியமும் டேனிய மொழியும் அறிந்தவர்.

இங்கு மொழியியல் மாணவன் என்ற முறையில் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில், சீகன்பால்கு இரண்டே ஆண்டுகளில் தமிழ்ச் சுவடிகளைப் படித்துத் தேர்ந்தார் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்து செல்கின்றன. 1708இல் அவர் உருவாக்கிய சுவடிப் பட்டியலில் தமிழ் நூல்கள் மட்டும் 119. அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வியப்புக்குரியதுதான். ஆனால் அக்காலச் சுவடியைப் 'படிப்பது' என்றால் என்ன?

ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டும் வழக்கம் இல்லை. காலும் ரகரமும் வடிவில் ஒன்றாகவே தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. 'செறு' என்றால் வயல், 'சேறு' வேறு. ஓலையில் இரண்டும் ஒன்று. 'கொடு' என்பதா, 'கோடு' என்பதா? தமிழைக் காதால் அறிந்தவருக்கு இதில் தடுமாற்றமே இல்லை, சொற்றொடரே வழிகாட்டிவிடும். கடல் கடந்து வந்தவருக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். எழுத்துக்கும் மொழிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்பியது எந்த நூலும் அன்று. பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டு வாசித்த ஒரு தமிழரின் குரல். வல்லெழுத்துகளின் ஒலிப்பும் அப்படியே. ககரம் சொல்லின் முதலில் ஒருவிதம், இடையில் ஒருவிதம், மெல்லெழுத்தை அடுத்து இன்னொருவிதம். வரிவடிவம் ஒன்று; காது கேட்பது மூன்று. தமிழ் என்ற பெயரையே 'டமுல்' என்று ஐரோப்பியர் எழுதியதைப் பார்த்தால், அவர்கள் காது எங்கெல்லாம் தடுமாறியது என்பது விளங்கும்.

ஆகவே சீகன்பால்கின் தமிழறிவு என்பது, அவர் தலைக்குள் மட்டும் இருந்ததன்று. அவரும் அவர் அருகில் இருந்தவரும் சேர்ந்து தாங்கிய ஓர் அறிவு. அருகில் இருந்தவர் நீங்கினால் அதில் பாதி நீங்கிவிடும். 1708 நவம்பரில் ஹாசியுசின் ஆணையால் நான்கு மாதம் சிறையில் அடைக்கப்பட்டபோது அவர் இதை உணர்ந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

இடையில் அச்சியந்திரத்தின் பயணத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் பல கட்டங்களைத் தாங்கி வந்த ஒரு பயணிதான். இலண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் 1711இல் ஓர் அச்சியந்திரத்தை அனுப்பியது. அதை ஏற்றிய கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜனைரோவில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. இயந்திரம் தப்பியது, அதை இயக்குவதற்காக உடன் வந்த யோனாஸ் பிங்க் தரங்கம்பாடியைக் காணாமலே இறந்தார். 1712இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை. கும்பினிப் படையில் அச்சுத்தொழில் அறிந்த வீரர் ஒருவரைக் கண்டுபிடித்தனர். தமிழெழுத்துகள் ஹாலேயில், தமிழ் அறியாத கைகளால், இங்கிருந்து அனுப்பிய வரிவடிவங்களைப் பார்த்து வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அளவில் மிகப் பெரியவை. தாள் விரைவில் தீர்ந்தது. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கு ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த உறைகளிலிருந்து கிடைத்தது என்பர். 1714இல் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி வெளிவந்தது.

அந்த ஆண்டின் அக்டோபர் இறுதியில் சீகன்பால்கு மீண்டும் கப்பலேறினார். இம்முறை ஐரோப்பாவை நோக்கி. உள்ளூர் அதிகாரிகளோடு முடிவுறாத பூசல், பொருள் நெருக்கடி, குன்றிய உடல்நலம் எல்லாம் காரணம். அவருடன் ஏறியவர் ஒரு தமிழ் இளைஞர், அவருடைய மாணாக்கர், பெயர் பேதுரு மலையப்பன்.

தமிழர் ஒருவர் இப்பணியாளரோடு ஐரோப்பா சென்றது இதுவே முதன்முறையன்று. 1711இல் புளூட்சோ தாயகம் திரும்பியபோது திமோத்தேயு என்ற இளைஞர் உடன் சென்றார். எனினும் மலையப்பனின் பயணத்துக்கே தமிழியலில் தனி இடம் உண்டு என்று கருதுகிறேன். அதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் வேளை அது. அந்தக் காற்று சோழமண்டலக் கரையில் புயலைக் கொண்டுவரும். அதே காற்றுதான் மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலை நன்னம்பிக்கை முனைக்குத் தள்ளும். தரங்கம்பாடிக் கரையிலிருந்து மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டி, தொலைவில் நின்ற கப்பலின் பக்கவாட்டு ஏணியில் கால் வைத்த அந்த இளைஞருக்கு முன்னே ஏழு மாதத்துக்கும் மேற்பட்ட கடல் இருந்தது. கடல் கடப்பது சாதிக்கட்டுக்கு அப்பால் கால் வைப்பது என்று கருதிய காலம். அவர் போவது வணிகத்துக்காக அன்று, கூலியாக அன்று, போர்வீரனாகவும் அன்று. அவர் எடுத்துச் சென்ற சரக்கு அவருடைய தாய்மொழி.

இதே பாதையில், இதே ஆசிரியர், எட்டாண்டுகளுக்கு முன் 222 நாள்களைத் தமிழின்றிக் கழித்தார் என்பதை நினைவுகூர்க. இம்முறை எதிரே தமிழ் அமர்ந்திருந்தது. அக்கப்பலில்தான் சீகன்பால்கு தமிழிலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். மலையப்பன் துணை நின்றார். 'கிராமாட்டிகா டாமுலிக்கா' என்ற அந்நூல் 1716இல் ஹாலேயின் அனாதை இல்ல அச்சகத்தில் வெளிவந்தது.

நூலின் அமைப்பை அறிந்தவர்களுக்கு, அதை ஒருவர் தனியே அமர்ந்து எழுதியிருக்க முடியாது என்பது எளிதில் புலப்படும். அது வாய்பாடுகளின் நூல். இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, பெயர்களை வேற்றுமை வாரியாகவும் வினைகளைக் காலம், இடம், எண் வாரியாகவும் அடுக்கிச் செல்கிறது. களப்பணி செய்த மொழியியலாளர் எவரும் இம்முறையை அறிவர். "நான் செய்தேன் என்பீர்; நீ என்றால்? அவர்கள் என்றால்? நாளை என்றால்? செய்யவில்லை என்பதற்கு?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்ப வேண்டும். கட்டம் வரைந்தவர் சீகன்பால்கு. கட்டத்துக்குள் விழுந்த ஒவ்வொரு வடிவத்தையும் "ஆம், இப்படிச் சொல்வோம்" என்றோ "இல்லை, இப்படிச் சொல்லமாட்டோம்" என்றோ உறுதிசெய்தவர் எதிரே இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் வேறு எவ்வகையிலும் நிகழ்ந்திருக்க வழி தெரியவில்லை. கப்பலில் சுவடிக் குவியல் இல்லை, கேட்டுத் தெளிய ஊர் இல்லை, பண்டிதர் அவையில்லை. ஒரு தமிழ்க்குரல் மட்டுமே இருந்தது.

பயணத்தை நாம் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட வெற்றுக்காலமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். என் நண்பரின் ஒரு நாள் அலுப்பும் அத்தகைய எண்ணமே. முதற்பயணத்துக்கு அது பொருந்தும். இரண்டாம் பயணத்தில் கப்பல்தான் களம். தமிழகத்திலும் அன்று, ஜெர்மனியிலும் அன்று, எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத நீர்ப்பரப்பில் அந்த இலக்கணம் உருவாயிற்று. ஐரோப்பாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை ஹாலேயில் வைப்பதா, தரங்கம்பாடியில் வைப்பதா என்று கருத்தரங்குகளில் வாதிடுவோர் உண்டு. அட்லாண்டிக்கின் நடுவில் வைக்கலாம் என்பது என் தரப்பு; பாதி வேடிக்கை, பாதி உண்மை.

1715 ஜூனில் அவர்கள் நார்வேயின் பெர்கன் துறையில் இறங்கினர். அன்று நார்வே தென்மார்க்கு அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சுவீடனோடு போர் நடந்துகொண்டிருந்ததால், அரசரைச் சந்திக்க ஸ்ட்ரால்சுண்டின் முற்றுகைப் பாசறைக்கே சீகன்பால்கு செல்ல நேர்ந்தது. கோபன்ஹேகன், ஹாலே, திருமணம், பிறகு இலண்டன், அங்கு முதலாம் ஜார்ஜ் மன்னரின் சந்திப்பு. 1716 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து ஆங்கிலக் கப்பல் ஒன்றில் புறப்பட்டு ஆகஸ்டில் சென்னையை அடைந்தார். ஐந்து மாதம், முன்னிரு பயணங்களோடு ஒப்பிட்டால் விரைவே. அதற்குப் பின் அவருக்கு வாழ்வு நீளவில்லை. 1719 பிப்ரவரியில், 36 வயதில் தரங்கம்பாடியில் மறைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது அந்நூலின் தலைப்புப் பக்கத்துக்கு வருவோம். அக்கால வழக்கப்படி அது ஒரு நீண்ட அறிவிப்பு. ஐரோப்பாவில் இதுவரை அறியப்படாத மொழி ஒன்றை எளிதில் கற்பதற்கு மிகக் குறுகிய வழியைக் காட்டுவதாக அது கூறிக்கொள்கிறது. இரண்டு கூற்றுகளும் என்னைப் புன்னகைக்க வைக்கின்றன. அறியப்படாத மொழி என்பது, இயேசு சபையாரின் 150 ஆண்டு உழைப்பை ஒரு சொல்லில் அழிப்பது. குறுகிய வழி என்பதோ, மூன்று கண்டங்களைச் சுற்றி வந்த கப்பலில் எழுதிய நூலுக்கு வாய்த்த சொல். பின்னர் ஆசிரியர் பெயர்: தென்மார்க்கு அரசரின் பணியாளராகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு. மலையப்பனின் பெயர் தலைப்புப் பக்கத்தில் இல்லை.

இதைக் கொண்டு சீகன்பால்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தலைப்புப் பக்கத்தில் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் அறத்தைத் தேடுவது எளிய வேலை; பயன் குறைந்த வேலையும்கூட. தமிழரோடு தரையில் அமர்ந்து கற்ற ஐரோப்பியர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் அவர்களுள் ஒருவர். எனினும் இது தனியொரு நிகழ்வன்று. 1712 முதல் 1714 வரை தமிழரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்று, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்ட 99 கடிதங்களும் எழுதியோர் பெயரின்றியே அச்சாயின. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பன் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவர் உதவியமைக்குக் கிடைத்த பரிசு, அதிகாரிகளின் சினத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அறிவு ஐரோப்பாவுக்குப் போகும் பாதையில், ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர் இறக்கிவிடப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

2010இல் அந்த இலக்கணம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, டேனியல் ஜெயராஜின் ஆய்வுரையோடு வெளிவந்தது. தமிழிலக்கண வரலாற்றில் இந்நூலுக்குரிய இடம் குறித்து இனி ஐயமில்லை. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அதே தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவருவதற்கு 22 ஆண்டுகள் முந்தியது இது. புள்ளியும் எகர ஏகார வேறுபாடும் அற்ற எழுத்தின் குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் முனைந்தபோது, சீகன்பால்கு ஒரு மனிதக் குரலைக் கொண்டு தீர்த்துக்கொண்ட அதே சிக்கலைத்தான் அவர் எழுத்துச் சீர்திருத்தத்தால் தீர்க்கப் பார்த்தார். இக்கோணத்தில் இருவரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். முதுகலை மாணவர் யாரேனும் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

சொந்தக் குறிப்பு ஒன்று. என் ஆய்வு பெங்களூர்த் தமிழைப் பற்றியது. கன்னடத்தோடு நூறாண்டுக்கு மேல் கலந்து வாழும் பேச்சு அது. எனக்குத் தரவு தந்தவர்களுள் முதன்மையானவர் எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி. கடந்த இரண்டு ஆண்டுகளாக மாலை நேரங்களில் அவர் அருகில் அமர்ந்து வினைமுற்றுகளைக் கேட்டு எழுதிவருகிறேன். என் வாய்பாடுகளில் பாதியை அவர் திருத்தியிருக்கிறார். "இப்படி யாரும் சொல்லமாட்டாங்க, நீயா கட்டறே" என்று ஒரு பக்கம் முழுவதையும் ஒருமுறை தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரி. ஆய்வேட்டில் அவர் 'தகவலாளர் 7'.

இது என் கஞ்சத்தனம் அன்று. தரவு தந்தோரின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வு நெறி, அவர்களைப் பாதுகாக்கவே ஏற்பட்ட விதி, காரணமும் நியாயமானது. ஆனால் மலையப்பனைப் படித்த பிறகு அந்த '7' என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. பெயரை மறைத்துக் காப்பதும் பெயரை விடுத்து மறப்பதும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, செறுவும் சேறும்போல.

கடைசியில் அவரையே கேட்டுவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் பெயர் வெளியிடச் சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிடலாமா என்று விளக்கினேன். கட்டிக்கொண்டிருந்த கனகாம்பரச் சரத்தை மடியில் வைத்துவிட்டுப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கன்னடம் கொஞ்சம் படிக்க வரும்; தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். மேலே நான் எழுதியிருந்த அவர் பெயரின் மீது விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார்.

"போடறதா இருந்தா போடு கண்ணு. ஆனா இது கொம்பு தப்பு. நெடில்" என்றார்.